வலைப்பூ தொடங்குகிறீர்களா? அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து மறைந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைப் பற்றிச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த புதிதில் எனக்கு அதிபராக இருந்தவர் அவர். ஓய்வுபெற்ற பின்னர் பேரப்பிள்ளைகளிடம் கணினி பழகி, தனது பெயரிலேயே ஒரு வலைப்பூ தொடங்கி, ஒன்பது வருடங்கள் எழுதினார். ஜம்பட்டா வீதியின் பழைய கடைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் வாழ்க்கை, தான் படிப்பித்த பாடசாலைகள், ரம்ழான் மாதத்தில் சட்டியோடு பள்ளிவாசலுக்குக் கஞ்சிக்குப் போன பிள்ளைப்பருவம் என்று எல்லாவற்றையும் எழுதினார். வேறெந்தப் புத்தகத்திலும் இல்லாத விடயங்கள் அவை.

அவர் வபாத்தாகி இரண்டு வருடங்களின் பின்னர் அவருடைய மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "டீச்சர், வாப்பாட பக்கத்தத் திறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. பேரு வாப்பாடதான். உள்ளுக்கு இருக்கிறது ஒன்டும் வாப்பாட இல்ல."

நடந்தது இதுதான். வலைப்பூவுக்கான டொமைன் பெயரையும், அதை வைத்திருந்த ஹோஸ்டிங் இடத்தையும் அதிபர் தனது வங்கி அட்டையால் வருடாவருடம் புதுப்பித்து வந்தார். அவர் மறைந்ததும் அந்த அட்டை செயலிழந்தது. பணம் கட்டும்படி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறக்காத அவரது மின்னஞ்சலில் போய் விழுந்தன. மின்னஞ்சலின் கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. கெடு முடிந்தது, கோப்புகள் அழிக்கப்பட்டன. ஏற்கனவே வாசகர்கள் வந்து பழகிய பெயர் என்பதால் எங்கோ இருக்கும் ஒருவர் அதை வாங்கிச் சூதாட்டக் கடை திறந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு ஹராம், ஹலால் சொல்லிக்கொடுத்த ஒருவரின் பெயரில்.

இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. விதிமுறைப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எமது ஆசிரியர்கள், உலமாக்கள், எழுதும் சகோதரிகள், பல்கலைக்கழக மாணவர்கள் பலர் "சொந்தமாக ஒரு வலைப்பூ எப்படித் தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். தொடங்குவது அரை மணித்தியால வேலை. ஆனால் எழுதியவருக்குப் பின்னரும் அது நிலைக்கும்படி தொடங்குவது வேறு வேலை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

பேஸ்புக் இருக்கும்போது வலைப்பூ எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானது. வாசகர்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். நானும் அங்கேதான் பகிர்கிறேன். ஆனால் பகிர்வதற்கான இடம் வேறு, சேமித்து வைப்பதற்கான இடம் வேறு. மூன்று வருடங்களுக்கு முன்னர் நீங்கள் பேஸ்புக்கில் எழுதிய ஒரு நல்ல குறிப்பை இப்போது தேடிப் பாருங்கள். உங்களாலேயே இலகுவில் எடுக்க முடியாது. வேறொருவர் கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம்.

இன்னொரு காரணம் எமது நாட்டு அனுபவம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வன்முறைகளின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்ட நேரத்திலும் அதே நடந்தது. எமது சமூகம் பேச வேண்டிய, பதில் சொல்ல வேண்டிய நாட்களில்தான் அந்தக் கதவுகள் மூடப்பட்டன. அந்த நாட்களிலும் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சாதாரண இணையத்தளங்கள் திறந்தன.

மூன்றாவது காரணம், எந்த நிறுவனமும் நிரந்தரம் அல்ல என்பது. 1990களில் கோடிக்கணக்கான சொந்தப் பக்கங்களுக்கு இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 ஒக்டோபரில் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. வலைப்பூ உலகின் பழைய பெயர்களில் ஒன்றான டைப்பேட் 2025 செப்டம்பர் 30ஆம் திகதியோடு நின்றது. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடினார்கள். ஆனால் அறிவித்தலை வாசிக்க எழுதியவர் உயிரோடு இருக்க வேண்டும், அல்லது அவரது மின்னஞ்சலைத் திறக்க ஒருவர் இருக்க வேண்டும்.

தமிழில் வலைப்பூ எழுதுவது 2003ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கியது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியதால் எழுதியவர்களுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். எமது சமூகத்திலிருந்தும் மாவனல்லையைச் சேர்ந்த எம். ரிஷான் ஷெரீப், கவிஞர் பஹீமா ஜஹான் போன்றவர்கள் தமது ஆக்கங்களை வலைப்பூக்களில் தொகுத்தார்கள். பின்னர் வாசகர்கள் பேஸ்புக்குக்கு நகர்ந்தார்கள், திரட்டிகளும் ஓய்ந்தன. இருந்தும் அக்காலத்து வலைப்பூக்களில் எழுதப்பட்ட எத்தனையோ விடயங்களை இன்றும் தேடி வாசிக்க முடிகிறது. அதே ஆண்டுகளின் பேஸ்புக் குறிப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

எழுத்து, வீடு, முகவரி

கணினி தெரியாத பெரியவர்களுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். ஒரு வலைப்பூவில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. முதலாவது, நீங்கள் எழுதிய எழுத்தும் படங்களும். இரண்டாவது, அவை வைக்கப்பட்டிருக்கும் இடம். அதுதான் ஹோஸ்டிங், அதாவது வீடு. மூன்றாவது, வாசகர் தேடி வரும் பெயர். அதுதான் டொமைன், அதாவது முகவரி.

எழுத்து மட்டுமே உங்களுடையது. ஹோஸ்டிங் வாடகை வீடு. டொமைனும் வாடகைதான். "டொமைன் வாங்கினேன்" என்று சொல்கிறோமே தவிர, யாரும் அதை நிரந்தரமாக வாங்குவதில்லை. டொட் கொம் பெயரொன்றை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடங்களுக்குப் பதியலாம். அதன் பின் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்காவிட்டால் என்ன நடக்கும்? டொட் கொம் பெயர் என்றால், கெடு முடிந்த பின்னர் 45 நாட்கள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். அதன் பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அந்த நாட்களில் பெயரை மீட்க வழமையை விட அதிகக் கட்டணம் கேட்பார்கள். அதன் பின் இன்னும் 5 நாட்கள். பிறகு யாரும் எடுக்கலாம். கூட்டினால் அதிகபட்சம் 80 நாட்கள் அளவில்தான் வரும். கணவர் வபாத்தானால் மனைவி இருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதாவது எழுதியவர் மௌத்தான கிழமையில் டொமைனின் கெடு முடிந்தால், வீட்டில் இத்தா முடிவதற்கு முன்னரே அவரது பெயர் கைமாறிவிடலாம். துக்க வீட்டில் யார் இதையெல்லாம் யோசிப்பார்கள்?

யாருக்கு எந்த வழி?

முதலாவது வழி, முற்றிலும் இலவசமானது. கூகுளின் புளொக்கர். 1999இல் தொடங்கப்பட்டது, 2003இல் கூகுள் அதை வாங்கியது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். உங்கள் பெயரோடு புளொக்ஸ்பொட் டொட் கொம் என்ற முகவரி கிடைக்கும். வருடக் கட்டணம் இல்லை. நீங்கள் மறைந்தாலும் பணம் கட்டாத காரணத்தால் அது மூடப்படாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், வீட்டிலிருந்து எழுதும் சகோதரிகளுக்கும், மாணவர்களுக்கும் நான் தயக்கமின்றிச் சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் கூகுள் கொள்கை வகுத்திருக்கிறது. எனவே கணக்கு யாராலும் திறக்கப்படாமல் கிடக்கக் கூடாது.

இரண்டாவது வழி, இலவச வீட்டுக்குச் சொந்தப் பெயர் வைப்பது. டொமைனை மட்டும் பணம் கொடுத்துப் பதிந்து, அதைப் புளொக்கரோடு இணைக்கலாம். இணைப்பதற்குக் கூகுள் பணம் கேட்பதில்லை. இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. டொமைன் காலாவதியானாலும் எழுத்துகள் கூகுள் கணக்குக்குள் பத்திரமாக இருக்கும். அமைப்பில் அந்தப் பெயரை நீக்கிவிட்டால் பழைய புளொக்ஸ்பொட் முகவரியில் எல்லாம் மீண்டும் தெரியும். அதிபர் சேர் இந்த வழியில் போயிருந்தால் பெயர் மட்டுமே பறிபோயிருக்கும், எழுத்துகள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது வழி, சொந்த ஹோஸ்டிங் எடுத்து வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவுவது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவச மென்பொருள். ஆனால் அதை வைக்கும் இடத்துக்கு மாதமோ வருடமோ வாடகை கட்ட வேண்டும். இற்றைப்படுத்தல்களைத் தவறாமல் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் ஊடுருவல்காரர்கள் உள்ளே வருவார்கள். பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், கலை இலக்கிய வட்டம் போன்ற, ஒருவர் போனால் இன்னொருவர் வரும் அமைப்புகளுக்கு இது பொருந்தும். தனி ஒருவருக்கு, கணினி தெரிந்த துணை இல்லாவிட்டால், இது சுமை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது புளொக்கர் போல அவர்களே இடம் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டொட் ஓஆர்ஜி என்பது மென்பொருளை இலவசமாகப் பெறும் இடம். "வேர்ட்பிரஸ் இலவசம்" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் டொலரில் பணம் கேட்கின்றன. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதமளவில் 360 ரூபா வரை போனதை நாம் மறக்கவில்லை. ஒரே இரவில் வாடகை ஏறியது போலத்தான். டொட் எல்கே பெயரை இலங்கையிலேயே ரூபாவில் பதியலாம். தமிழில் டொட் இலங்கை என்ற முடிவும் 2010இலிருந்து எமது நாட்டுக்கு உண்டு. எந்தப் பெயரை எடுத்தாலும் முடிந்தளவு பல வருடங்களுக்குச் சேர்த்துப் பதியுங்கள். கெடுத் திகதியை வீட்டுக் கலண்டரில் எழுதுங்கள்.

பாமினியை விட்டு வெளியே வாருங்கள்

எமது ஆசிரியர்களில் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். வினாத்தாள் அச்சிட அது போதும். ஆனால் இணையத்துக்கு ஆகாது. பாமினியில் நீங்கள் தட்டச்சு செய்வது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். கூகுளும் அதைத் தமிழாகத் தேடித் தராது.

யுனிகோட் அப்படியல்ல. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருக்கிறது. உலகின் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. அதே விசை அமைப்பில் யுனிகோட் தட்டச்சு செய்யும் மென்பொருட்கள் இருக்கின்றன. பழைய பாமினிக் கட்டுரைகளை மாற்றுவதற்கு சுரதா யாழ்வாணன் உருவாக்கியது போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் இலக்கங்களும் சில வேளை குழம்பியிருக்கும்.

கட்டுரையைப் படமாக மாற்றிப் போடும் பழக்கமும் எம்மிடம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் பகிர அது அழகாக இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை வாசித்துக் காட்டாது. படம் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் எழுத்தையும் எழுத்தாகவே கீழே கொடுங்கள்.

குர்ஆன் வசனங்களை அரபியில் இடும்போது இன்னொரு கவனம் வேண்டும். அரபு வலமிருந்து இடமாகப் போவது. தமிழ் வரியின் நடுவில் அரபியை நுழைத்தால் நிறுத்தற்குறிகளும் வசன இலக்கங்களும் இடம் மாறித் தெரியும். அரபு வசனத்தைத் தனிப் பந்தியாக வைத்து, அந்தப் பந்தியை மட்டும் வலமிருந்து இடமாக அமையுங்கள். தர்ஜுமாவை அடுத்த பந்தியில் கொடுங்கள்.

வடிவமைப்பு: வாப்பாவின் தொலைபேசியில் திறந்து பாருங்கள்

வடிவமைப்பு என்றதும் நிறமும் பூவும் ஓடும் எழுத்தும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வாசகருக்கு வேண்டியது அது அல்ல. உங்கள் பக்கத்தை வீட்டிலுள்ள மூத்தவரின் பழைய தொலைபேசியில், வைபை இல்லாமல், டேட்டாவில் திறந்து பாருங்கள். அவர் கண்ணாடியைத் தேடாமல் வாசித்தால் உங்கள் வடிவமைப்பு சரி.

நான் எனது பக்கத்தில் பின்பற்றுபவை இவை. எழுத்தின் அளவு 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழ் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கிடையில் ஆங்கிலத்துக்கு விடுவதை விடக் கூடுதலான இடம் விடுகிறேன். பந்திகளை இடப்பக்கம் மட்டும் நேராக வைக்கிறேன். பத்திரிகை போல இரு பக்கமும் நேராக்கினால், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், தொலைபேசியின் சிறிய திரையில் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக வெளி விழும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. முழுப் பந்தியையும் தடித்த எழுத்தில் போடுவதில்லை. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிப் தமிழ் போதுமானவை, இரண்டும் இலவசம்.

தொலைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு படமே நான்கைந்து எம்பி இருக்கும். வாசகரின் டேட்டாவை நீங்கள் செலவழிக்கிறீர்கள். அகலத்தை 1200 புள்ளி அளவுக்குக் குறைத்து ஏற்றினால் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். இருபது வருடங்களின் பின்னர் அந்த ஒரு வரிதான் படத்தை விடப் பெறுமதியாக இருக்கும்.

ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதிய திகதியும் பெயரும் இருக்கட்டும். எழுதியவர் யார், எந்த ஊர், எந்தத் துறை என்று சொல்லும் ஓர் அறிமுகப் பக்கமும் இருக்கட்டும். வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரியும் பாடசாலைப் படங்களைப் பெற்றோரின் அனுமதியில்லாமல் போடாதீர்கள்.

தலைப்பு தமிழில், இணைப்பு சுருக்கமாக

தமிழ் வலைப்பூக்களில் பலர் கவனிக்காத ஒரு சிறிய விடயம் இது. ஒரு கட்டுரையை வெளியிடும்போது அதன் தலைப்பிலிருந்து இணைப்பு முகவரி தானாக உருவாகும். புளொக்கரில் தலைப்பு தமிழில் இருந்தால், அந்தத் தமிழை விட்டுவிட்டு, புளொக் போஸ்ட் என்ற சொல்லோடு ஓர் இலக்கத்தை மட்டும் போட்டுவிடும். எந்தக் கட்டுரை என்று இணைப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸிலோ தமிழ்த் தலைப்பு அப்படியே இணைப்பாகி, வட்ஸ்அப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளும் இலக்கங்களுமாக அரைப் பக்க நீளத்துக்கு வரும். பார்ப்பவர்கள் வைரஸ் என்று பயப்படுவார்கள்.

வெளியிடுவதற்கு முன்னர் இணைப்புப் பெட்டிக்குப் போய், ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொற்களை நீங்களே கொடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். வெளியிட்ட பின்னர் இணைப்பை மாற்றாதீர்கள். மாற்றினால் முன்னர் பகிர்ந்தவர்களின் இணைப்பெல்லாம் அறுந்துவிடலாம்.

சொல்லுக்குப் பொறுப்பு

சொந்தப் பக்கம் என்றால் ஆசிரியர் பீடமும் நீங்கள்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒருவரின் ஆக்கத்துக்குரிய உரிமை அவர் இறந்து 70 வருடங்கள் வரை நீடிக்கும். பிறர் கட்டுரையை எடுத்துப் போட்டு "நன்றி: இணையம்" என்று எழுதுவது அனுமதி ஆகாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அது விமர்சனத்துக்கு உள்ளான சட்டம், ஆனால் நடைமுறையில் இருக்கும் சட்டம்.

நியாயமாக எழுதியவர்களும் துன்பப்பட்டிருக்கிறார்கள் என்பதும் எமக்குத் தெரியும். ஓய்வுபெற்ற அரச அதிகாரி ரம்ஸி ராஸிக் ஒரு பேஸ்புக் பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2023இல்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயந்து எழுதாமல் இருக்க இதைச் சொல்லவில்லை. உங்கள் வார்த்தையை வெட்டி எடுத்து யாராவது பரப்பினால், முன்னும் பின்னும் நீங்கள் எழுதியதைத் திகதியோடு காட்ட உங்களிடம் ஓர் இடம் இருக்க வேண்டும். அதற்கும் சொந்தப் பக்கம் உதவும்.

பிரதி எடுங்கள்

வலைப்பூ இணையத்தில் இருக்கிறது என்பதற்காக அது பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புளொக்கரின் அமைப்புப் பக்கத்தில் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் ஏற்றுமதி என்ற வசதி இருக்கிறது. இரண்டும் உங்கள் கட்டுரைகளையெல்லாம் ஒரே கோப்பில் தரும். ஆனால் படங்களும் அந்தக் கோப்பில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் அல்லது வன்தட்டில் வைத்திருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து இப்போதே சேமி என்று அழுத்தினால், அந்தப் பக்கத்தின் ஒரு பிரதி அங்கே இருக்கும். இலவசம். கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. முக்கியமான கட்டுரை ஒவ்வொன்றையும் வெளியிட்ட அன்றே இப்படிச் சேமியுங்கள்.

சிறந்த கட்டுரைகள் ஐம்பது சேர்ந்தால் ஒரு சிறு நூலாக அச்சிடுங்கள். தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையில் நூலுக்கான ஐஎஸ்பிஎன் இலக்கம் பெறலாம். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்துக்கும், வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் கொடுங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் இலவசமாக வாசிக்கத் தரும் நூலகம் திட்டத்துக்கும் அனுமதிக் கடிதத்தோடு கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே பிரதியாக இருந்தவை மீளவே இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. காகிதத்துக்கும் இணையத்துக்கும் அது ஒன்றுதான்.

சாவியைக் கையளியுங்கள்

கடைசியாகச் சொல்வதுதான் நான் எழுத வந்த காரணம். சொத்து இருப்பவர் வஸிய்யத் எழுதி வைக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். அமானிதப் பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அறிவோம். ஆனால் பத்து வருட எழுத்தைத் திறக்கும் கடவுச்சொல் எமது தலைக்குள் மட்டுமே இருக்கிறது.

கூகுள் கணக்கில் இதற்கென்றே ஒரு வசதி 2013இலிருந்து இருக்கிறது. இன்எக்டிவ் எக்கவுண்ட் மனேஜர் என்று பெயர். கணக்கு எத்தனை மாதம் அசையாமல் இருந்தால் நீங்கள் இல்லை என்று கொள்ள வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை தெரிவு செய்யலாம். அந்தக் காலம் முடிந்ததும் நீங்கள் குறிப்பிட்டவர்களுக்கு, பத்துப் பேர் வரை, மின்னஞ்சல் போகும். எந்தத் தகவலை யார் பதிவிறக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். புளொக்கரில் இன்னோர் எளிய வழியும் உண்டு. மகளையோ, தம்பியையோ, நம்பிக்கையான மாணவர் ஒருவரையோ வலைப்பூவின் இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் மின்னஞ்சலை அவர் பார்க்க முடியாது, வலைப்பூவை மட்டும் காப்பாற்றலாம்.

இவையெல்லாம் சிரமம் என்றால் ஒரு தாளில் எழுதுங்கள். வலைப்பூவின் முகவரி, எந்த மின்னஞ்சலில் தொடங்கியது, டொமைன் எங்கே பதிந்தது, கெடு எப்போது, கடவுச்சொல் என்ன, நான் மறைந்த பின் இதை என்ன செய்ய வேண்டும். உறையில் போட்டு வீட்டு உறுதியோடு வையுங்கள். அப்படி ஓர் உறை இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

அதிபர் சேரின் மகளும் நானும் இரண்டு மாதங்கள் வேபேக் மெஷினில் தேடினோம். கட்டுரைகளில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தன. படங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. கஞ்சிக்குப் போன கதை கிடைத்தது. துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி அவர் தொடராக எழுதியதில் முதல் இரண்டு பகுதிகள் மட்டும் இருக்கின்றன. எத்தனை பகுதிகள் எழுதினார் என்பது இப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. கிடைத்தவற்றை ஓர் இலவச வலைப்பூவில் மகள் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நிர்வாகிகளாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவருக்கு வயது பத்தொன்பது.

1882இல் அறிஞர் சித்தி லெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியபோது, சமூகத்துக்கு ஒரு விடயத்தைச் சொல்ல அச்சகமும் காகிதமும் சந்தாதாரரும் தேவைப்பட்டன. இன்று ஒரு தொலைபேசி போதும். எழுதுவது இலகுவாகிவிட்டது, காப்பாற்றுவது மட்டும் இன்னும் எம் கையில்தான் இருக்கிறது. ஏற்கனவே வலைப்பூ வைத்திருப்பவர்கள் இந்தக் கிழமைக்குள் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒரு பிரதி எடுங்கள். இரண்டாவது நிர்வாகி ஒருவரைச் சேருங்கள். அந்த உறையை எழுதி வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள், முதல் கட்டுரை எழுதும் அன்றே இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.